ஏழை என்பதற்கு அத்தாட்சி

பிளஸ் டூ படித்த வருஷம் நான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அப்போதும் சிரித்தார்கள். நடுவில் ஒரு மூன்று மாதம் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அந்த மூன்று மாதத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாங்கள் ஓசூரில், சிப்காட்டுக்குப் பின்பக்கம், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் ஒன்றில் இருந்தோம். இருக்கிறோம். அப்பா விருதுநகர் பக்கத்துக்காரர். ஊரில் மழையும் இல்லை, வேலையும் இல்லை என்று இருபது வயதில் பஸ் ஏறி வந்தவர். கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். அம்மா ஊத்தங்கரையிலிருந்து உள்ளே தள்ளிப் போகவேண்டிய ஒரு கிராமம். அவள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். கம்பெனி வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். அப்பா பேச்சில் இன்னும் விருதுநகர் இருக்கிறது, அம்மா பேச்சில் ஊத்தங்கரை. வீட்டுக்காரம்மா தெலுங்கு, பக்கத்து வீடு கன்னடம். இத்தனைக்கும் நடுவில் நான் ஒருத்தி இங்கிலீஷ் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் சில கல்லூரிகள், பிள்ளையைப் பிடித்துப்போனால், சாப்பாடு தங்குமிடம் உட்பட எல்லாச் செலவையும் தாங்களே ஏற்றுக்கொள்ளும் என்பதை நான் போனில் ஒரு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு இலவசமாக வழிகாட்டும் ஓர் அமைப்பும் இருந்தது. எழுதிப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். வழிகாட்டியாக ஓர் அக்காவை ஒதுக்கினார்கள். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். வேலைக்கு நடுவே தன் நேரத்தைச் செலவழித்து இதைச் செய்தார், காசு வாங்காமல். அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ கால். அவருக்கு அது சனிக்கிழமை சாயங்காலம். அவர் பின்னால் ஒரு பெரிய சன்னலும் மரங்களும் தெரியும். என் பின்னால் எங்கள் பீரோ தெரியும். பீரோ மேல் அடுக்கிய பாத்திரங்கள் தெரியாதபடி போனைச் சாய்த்து வைப்பேன். ஒருநாள் அவரே, "அத மறைக்காத ம்மா, இட்ஸ் யுவர் ஸ்டோரி" என்றார். அப்போது எனக்கு அது அன்பாகத்தான் பட்டது.

கல்லூரிகளுக்கு மார்க்கோடு ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும். நீ யார் என்று சொல்கிற கட்டுரை. நான் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கெலவரப்பள்ளி அணையைப் பற்றி எழுதினேன்.

அப்பாவுக்கு லீவு இருக்கிற ஞாயிறுகளில் எங்களை பைக்கில் அங்கே கூட்டிப்போவார். மழை பெய்து தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு முழுக்க நுரை. சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக, பாலத்தின் மேலேயே ஏறி ரோட்டை மறைத்து நிற்கும். ஜனங்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். கிட்டே போனால் நாற்றம் மூக்கைப் பிடுங்கும். அந்தத் தண்ணீரில்தான் கீழே தக்காளியும் கீரையும் விளைகிறது; அதைத்தான் நாங்கள் சந்தையில் வாங்குகிறோம். ஏன் நுரைக்கிறது என்று பத்தாம் வகுப்பில் கேட்டேன். கெமிஸ்ட்ரி மிஸ், "பரீட்சைக்கு வராது" என்றார். அதனால் நானே தண்ணீர் பிடித்தேன். பழைய வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, பள்ளி லேபில் யாரும் இல்லாதபோது என்ன சோதிக்க முடியுமோ அதைச் சோதித்தேன். மழைக்கு முன், மழைக்குப் பின், கோடையில். வரைபடம் போட்டேன். அதுதான் நான். அதை எழுதினேன்.

வழிகாட்டி அக்கா படித்துவிட்டு, "ஸ்வீட்டா இருக்கு" என்றார். "ஆனா சயின்ஸ் ப்ராஜெக்ட் எல்லாரும் எழுதுவாங்க. சிங்கப்பூர்ல இருந்து ஒரு பையன் பெரிய லேப்ல பண்ணினதைப் போடுவான். நீ பாட்டில்ல பண்ணியிருக்க. இதுல உன்னோட ஸ்ட்ரக்கிள் எங்க?"

"தண்ணி எடுக்கறதே கஷ்டம்தாங்க்கா. வழுக்கும்."

அவர் சிரித்தார். "அது இல்ல ம்மா. வாழ்க்கையில. வீட்ல. ஏதாவது நடந்திருக்கும் இல்ல?"

நான் யோசித்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். சொல்ல ஏதாவது இருக்கவேண்டுமே என்றுதான் அம்மாவின் விரலைச் சொன்னேன். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அம்மா தகடு அழுத்தி வெட்டுகிற ஒரு சின்ன ப்ரெஸ் ஷாப்பில் வேலை செய்தாள். தகட்டை வைத்து எடுக்கும்போது மெஷின் இறங்கி இடது கை ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது.

வழிகாட்டி அக்காவின் முகம் மாறியது. கண் கலங்கிவிட்டது. "ஓ மை காட்" என்றார். பிறகு, "இதுதான். இதுதான் உன் எஸ்ஸே" என்றார்.

அன்று அம்மா ஷிப்ட் முடிந்து வந்ததும் சமையல்கட்டில் வைத்துக் கேட்டேன். அவள் இப்போது வேறு கம்பெனியில், போன் பாகங்கள் கோர்க்கிற வேலையில் இருந்தாள். வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள்.

"என் வெரல எழுதுனா சீட்டு குடுப்பாங்களா?"

"குடுக்கலாம்னு சொல்றாங்க."

"அப்ப எழுதிக்கோ கண்ணு. போனது போயிடுச்சி. அதால ஒனக்கு ஒண்ணு நடந்தா நடக்கட்டும்."

எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். விரல் போன அன்று அம்மா துணியைச் சுற்றிக்கொண்டு ப்ரெஸ் ஷாப் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போ, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார்கள். ஓனர் வந்து தன் காரில் கூட்டிப்போனால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்தாள். ஓனர் வந்தார். சீட்டில் ரத்தம் ஆகுமே என்று பேப்பர் விரிக்கப் பார்த்தார். அதையும் எடுத்துப் போட்டுவிட்டு ஏறினாள். கை ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று, கை உள்ளே போனால் மெஷின் நிற்கிற மாதிரி தடுப்பு வைக்காதவரை யாரும் பட்டனைத் தொடக்கூடாது என்று கூட இருந்த பெண்களையெல்லாம் எழுப்பி நிற்க வைத்தாள். தடுப்பு வைத்தார்கள். அதற்கப்புறம் அவளை வேலையை விட்டும் நிறுத்தினார்கள்.

இந்தக் கட்டுரை எனக்கே பிடித்திருந்தது. ஆறு போனால் போகட்டும், அம்மா வருகிறாளே என்று இருந்தது.

வழிகாட்டி அக்கா திருத்தி அனுப்பியபோது அதில் வாசலும் இல்லை, காரும் இல்லை, எழுந்து நின்ற பெண்களும் இல்லை. அம்மா ராத்திரி முழுக்க அழுதாள் என்று இருந்தது. கட்டுப்போட்ட கையோடு என் தலையை வாரிவிட்டாள் என்று இருந்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் படிக்க முடிவு செய்தேன் என்று இருந்தது.

"எங்கம்மா அழலைங்க்கா" என்றேன்.

"அழாம எப்படி ம்மா இருந்திருப்பாங்க? நீ சின்னப் பொண்ணு, தூங்கியிருப்ப."

"அந்த வாசல்ல உக்காந்தது..."

"அது ஸ்ட்ராங்கா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா படிக்கிற ஆபீசர் உன் எஸ்ஸேக்கு ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல அவங்க அம்மாவோட சேந்து அழணும். சண்டை போடற அம்மாவைப் பாத்தா கொஞ்சம் தள்ளிப் போயிடுவாங்க. டிரஸ்ட் மீ."

அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"யாரு அழுதா?"

"அவங்க போட்டதும்மா."

"ஒன் தலைய உங்கப்பன்தான் ஒரு மாசம் வாரி விட்டாரு. கோணையும் மாணையுமா. அத எழுதுனியா?"

"இல்ல."

பிறகு, "அழுதேன்னு போட்டாத்தான் சீட்டுன்னா போட்டு அனுப்பு. எனக்கென்னா, அவங்க என்ன வந்து பாக்கப்போறாங்களா?" என்றாள். எழுந்து போகும்போது, "நம்ம ஊர்ல யாருக்கும் காட்டாத" என்று மட்டும் சொன்னாள்.

அழுகிற அம்மா அமெரிக்காவுக்குப் போனாள்.

அடுத்தது வருமானம். முழுச் செலவையும் கல்லூரி தருவதென்றால் நாம் ஏழை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு நீண்ட படிவம். எத்தனை வீடு, விடுமுறைக்குத் தங்கும் வீடு உண்டா, படகு உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தது. படகு என்றதும் அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, அப்பா வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் வேண்டும் என்ற இடத்துக்கு வந்தோம். அங்கே சிரிப்பு நின்றது.

அப்பா அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தபோது நான் பிறக்கவில்லை. புதிதாக வரும் டிப்ளமோ பையன்களுக்கு அவர்தான் மெஷினைக் காட்டித் தருவார். ஆனால் அவர் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. காண்ட்ராக்ட். ஆபீசில் போய்க் கேட்டபோது, பெர்சனல் பிரிவில் இருந்த பெண் மரியாதையாகவே சொன்னாராம்: "அண்ணா, நீங்க எங்க ரோல்லயே இல்லையே. நாங்க எப்படி லெட்டர் குடுக்கறது?"

காண்ட்ராக்டரிடம் போனார். அந்தக் காண்ட்ராக்டர் பெயரும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறும். பழைய ஏஜென்சியை மூடி, அதே மேசை நாற்காலியோடு புதுப் பெயரில் திறப்பார்கள். அப்பாவின் வேலை அனுபவமும் அத்தோடு முதலிலிருந்து தொடங்கும். நாலைந்து தடவை நடையாக நடந்த பிறகு ஒரு கடிதம் தந்தார்கள். அதில் அப்பா போன வருஷம் சேர்ந்தவர். வேலை: ஹெல்பர்.

அப்பா அதை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். ஹெல்பர் என்ற சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "இது போதுமாத்தா? இல்ல இன்னொருக்கா போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"போதும்ப்பா" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆசிரியர் பரிந்துரை வேண்டும் என்றதற்கு, இங்கிலீஷ் மிஸ் எழுதிக் கொடுத்தார்: இவள் கீழ்ப்படிதல் உள்ளவள், நடத்தை நன்று. வழிகாட்டி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். இப்படி இப்படி எழுதச் சொல் என்று அவர் அனுப்பியதை நான் கொண்டுபோய் மிஸ்ஸிடம் நீட்ட, "எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தராளா ஒங்க அக்கா?" என்று கேட்டார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். தாளாளரைப் பார்க்க அப்பாவும் நானும் அரை நாள் உட்கார்ந்தோம். அவர் சீல் வைக்கும்போது, "நீட் கோச்சிங்ல சேத்து விட்டிருந்தா ஒரு டாக்டராச்சும் ஆகியிருப்பா. உங்களுக்கு யாரு இந்த ஆசையெல்லாம் காட்டறது?" என்றார் அப்பாவிடம். அப்பா, "அவளே கண்டுபிடிச்சதுங்க சார்" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. தாளாளருக்கு அது கேட்கவில்லை.

வரிசையாக மறுப்புகள் வந்தன. எல்லாம் மிக அழகான இங்கிலீஷில். இந்த ஆண்டு திறமைசாலிகள் நிறையப் பேர், உன் வருங்காலம் பிரகாசமாக இருக்கும் என்று. பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரத்தில் ஒரு கல்லூரி மட்டும் எடுத்துக்கொண்டது. வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஊரில் ஒரு சின்னக் கல்லூரி. முழுச் செலவும். ஆற்று நீரைப் பற்றிப் படிக்க அங்கே ஒரு தனிப் பிரிவே இருந்தது. அதோடு வந்த குறிப்பில், உன் தாயைப் பற்றி எழுதியது எங்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது என்று ஒருவர் பேனாவால் எழுதியிருந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். "நான் அழுதது பலிச்சிடுச்சி போல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்புறம்தான் அந்த மூன்று மாதம். விருதுநகரிலிருந்து பத்து வருஷமாகப் பேசாத பெரியப்பா போன் செய்தார். வீட்டுக்காரம்மா தினமும், "எப்புடம்மா பிரயாணம்?" என்று கேட்டார், அந்த மாதம் வாடகை இரண்டு நாள் தள்ளியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனியில் அம்மாவோடு ஒரே லைனில் வேலை செய்த பெண்கள் சேர்ந்து ஒரு தடித்த ஸ்வெட்டர் வாங்கித் தந்தார்கள். ஓசூரில் எவ்வளவு தேடியும் பனிக்குத் தாங்குகிற மாதிரி கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார்கள். பள்ளி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேனர் வைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகை பெற்ற எங்கள் மாணவி என்று என் படம். என் படத்தைவிடப் பெரிதாகத் தாளாளர் படம். கீழே, அட்மிஷன் நடைபெறுகிறது. அந்த வருஷம் அங்கே நல்ல கூட்டம் என்று கேள்விப்பட்டேன்.

இங்கே இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிந்து வைக்கலாமா என்று அப்பா ஒருமுறை கேட்டார். வழிகாட்டி அக்காவிடம் கேட்டேன். "முழு ஸ்காலர்ஷிப் இருக்கும்போது விசா ஒரு ஃபார்மாலிட்டி ம்மா" என்றார். பதியவில்லை.

விசா நேர்காணலுக்குச் சென்னை போனோம், நானும் அப்பாவும். அப்பாவை உள்ளே விடவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில், வேறு அப்பாக்களோடு, என் போனையும் பையையும் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரிசை. எனக்கு முன்னால் நின்ற பையன், சென்னையில் ஏதோ பெரிய பள்ளியில் படித்தவன், தன் அப்பாவின் கம்பெனியைப் பற்றி அதிகாரியிடம் பேசிச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளைஞர். சிரித்த முகம். காலை வணக்கம் சொன்னார். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று கேட்டார். நுரையைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார்.

"அப்பா என்ன செய்கிறார்?"

கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் என்றேன்.

"அதற்கு ஏதாவது ஆவணம் உண்டா?"

கண்ணாடிக்கு அடியில் காண்ட்ராக்டர் கடிதத்தைத் தள்ளினேன். படித்தார்.

"இதில் வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதே. அவர் கார் கம்பெனியில் வேலை செய்யவில்லையா?"

"அங்கேதான் செய்கிறார்."

"அவர்களுக்காகவா?"

"இல்லை. அவர்களிடத்தில். ஆனால் அவர்களுடைய ஆள் இல்லை."

"போன வருஷம்தான் சேர்ந்திருக்கிறார்."

"நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறார்" என்றேன். சொல்லும்போதே அது பொய் மாதிரி எனக்கே கேட்டது.

அவர் கணினியில் எதையோ தட்டினார். சொந்த வீடு இருக்கிறதா? இல்லை. நிலம்? இல்லை. இந்தியாவுக்கு வெளியே எப்போதாவது போயிருக்கிறாயா? ஓசூரிலிருந்து கர்நாடகா எல்லையைத் தாண்டுவதை வெளியே போவது என்று எண்ண முடியாதே. இல்லை என்றேன். படிப்பு முடிந்ததும் என்ன செய்வாய்? திரும்பி வருவேன், எங்கள் ஆற்றில் வேலை இருக்கிறது என்றேன். அதுதான் அன்று நான் சொன்னதிலேயே முழு உண்மையான பதில். அவர் அதற்கும் சிரித்தார். பாஸ்போர்ட்டோடு, அச்சடித்த ஒரு தாளையும் தள்ளினார். இந்த முறை விசா தர முடியவில்லை, திரும்பி வருவதற்கான பிடிப்புகள் உனக்கு உன் நாட்டில் இருப்பதாக நீ காட்டவில்லை என்று அதில் இருந்தது.

அங்கே நின்றபடியே எனக்கு விளங்கியது. கல்லூரிக்கு நாங்கள் எவ்வளவு இல்லாதவர்களாக இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதற்காக அம்மாவை அழவைத்தார்கள், அப்பாவை ஹெல்பர் ஆக்கிய தாளைத் தேடி அலைந்தோம். இந்தக் கண்ணாடிக்கு முன்னால் அதே இல்லாமைதான் குற்றம். இரண்டும் ஒரே நாடு. இரண்டு இடத்திலும் என்னிடம் சிரித்த முகத்தோடு பேசினார்கள்.

வெளியே வந்ததும் அப்பா ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நடுவிலேயே வேகத்தைக் குறைத்தார்.

"என்ன சொன்னாய்ங்கத்தா?"

"இல்லைனுட்டாங்கப்பா."

"எதுக்காம்?"

காண்ட்ராக்டர் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லக்கூடாது என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன். "திரும்பி வரமாட்டேன்னு நினைக்கிறாங்க" என்றேன்.

அப்பா அந்தக் கட்டிடத்தைப் பார்த்தார். "நம்ம வீடு அங்கிட்டா இருக்கு, திரும்பி வராம இருக்க?" என்றார். பிறகு என் கையிலிருந்த ஃபைலையும் வாங்கிக்கொண்டார். ஓசூர் வரும்வரை அவர் பேசியதெல்லாம், சாப்பிடுகிறாயா, தண்ணி வேணுமா என்பதுதான்.

வழிகாட்டி அக்கா போனில் அழுதார். நிஜமாகவே அழுதார். நீ இன்னும் நம்பிக்கையோடு பேசியிருக்க வேண்டும் என்றார். கல்லூரி ஒரு வருஷம் இடத்தை வைத்திருந்து, இன்னொரு முறை போகச் சொன்னது. அதற்குள் இங்கே கவுன்சிலிங் முடிந்துவிட்டது. அந்த வருஷம் முழுக்க வீட்டில் இருந்தேன். பேனர் மழை வரும்வரை இருந்தது. தாளாளரிடம் ஒரு சான்றிதழுக்காகப் போனபோது, வேறு பெற்றோர்கள் உட்கார்ந்திருக்க, "என்னம்மா, பேனர் எல்லாம் வெச்ச பிற்பாடு இப்படிப் பண்ணிட்டியே" என்றார். நான் என்ன பண்ணினேன் என்று கேட்கவில்லை. இன்றைக்கு என்றால் கேட்டிருப்பேன்.

வீட்டுக்காரம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். பெரியப்பா மறுபடி பேசாமல் ஆனார். ஸ்வெட்டரை அம்மா பீரோவில் வைக்கவில்லை. ஊத்தங்கரைக்கு எடுத்துப்போய் ஆஸ்துமா இருக்கும் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். "இங்க இருந்தா தினம் பாக்கணும்" என்றாள்.

அடுத்த வருஷமும் சென்னை போனேன். வேறு அதிகாரி, ஒரு பெண்மணி. முந்தைய மறுப்பைத் திரையில் பார்த்தார். உன் நிலைமையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டார். ஒரு வருஷத்தில் ஹெல்பர் வீட்டில் என்ன மாறும்? அதே தாளைத் தந்தார். முதல்முறை அளவுக்கு நேரம்கூட ஆகவில்லை.

கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்தேன். என்னைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு. கெமிக்கல் இருந்தது, எடுத்துக்கொண்டேன். அங்கே ஆறு பற்றி யாரும் பேசவில்லை, கேம்பஸ் இன்டர்வியூ பற்றிப் பேசினார்கள். இரண்டாம் வருஷத்தில் வழிகாட்டி அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். நலம் விசாரித்துவிட்டு எழுதியிருந்தார்: எங்கள் அமைப்புக்கு வந்ததிலேயே உன் கட்டுரைதான் மிகச் சிறந்தது; புதிய மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்ட அனுமதி தருவாயா?

அம்மாவிடம் கேட்டேன்.

"அந்த அழுவாச்சி கதையா?"

"ஆமா."

"வேணாம்னு சொல்லிடு கண்ணு. இல்லனா நான் வாசல்ல உக்காந்தத எழுதிக் குடு, அத காட்டட்டும்."

அப்படியே எழுதி அனுப்பினேன். வாசல், கார், விரித்த பேப்பர், எழுந்து நின்ற பெண்கள், எல்லாம். படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அவருக்கும் சங்கடமாக இருந்திருக்கும். பாவம் என்று நினைக்கத்தான் பார்க்கிறேன்.

இப்போது போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள். கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்துவிடும். கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பிரிவில் வேலை. அப்பா இன்னும் அதே மெஷின், இன்னொரு புதுக் காண்ட்ராக்டர். நான் காண்ட்ராக்ட் இல்லை. கம்பெனி ரோலில் இருக்கிறேன். முதல் சம்பளச் சீட்டை அப்பா வாங்கி, மேலே அச்சடித்திருந்த கம்பெனி பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

போன மாதம் எங்கள் பொருளை வாங்குகிற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பெங்களூரிலிருந்து செடித் தொட்டிகள் வந்து இறங்கின. இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள் என்று மேனேஜர் என்னை முன்னால் நிறுத்தினார். கழிவு நீர்த் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். எது எவ்வளவு நேரம் தங்குகிறது, எங்கே நுரை அடங்குகிறது, வெளியே போகும்போது என்ன இருக்கிறது என்று சொன்னேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இருவரில் பெரியவர், வெள்ளை முடிக்காரர், ரொம்ப நல்ல மனுஷர். மஞ்சள் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:

"அமெரிக்காவில் படித்தாயா?"

"இல்லை" என்றேன்.

"உன்னைப் போன்றவர்கள் வரவேண்டும். எங்கள் கல்லூரிகள் உன் மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் காத்திருக்கின்றன. ஏன் முயற்சி செய்யவில்லை?"

மேனேஜர் பின்னால் நின்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். சிரித்துப் பேசு என்று அர்த்தம்.

"குடும்பத்தை விட்டுப் போக மனசு வரவில்லை" என்றேன். அவர் நெகிழ்ந்துபோனார். இந்தியர்களுக்குக் குடும்பம் எவ்வளவு முக்கியம் என்று கூட வந்தவரிடம் சொன்னார். அந்த ஆள் அதைக் குறித்துக்கொண்டார்.

படியில் வழுக்கும், பார்த்து வாருங்கள் என்று சொல்லி நான் முன்னால் இறங்கினேன்.